இரண்டாம் முறை இடுப்பு மூட்டு மாற்றியவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: முதல் சில வாரங்களுக்கான வழிகாட்டி

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஒருமுறை செய்துகொண்டவருக்கு அதே மூட்டில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டி வந்தால், வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே." பழைய வாக்கர் பரணில் இருக்கிறது, பயிற்சிகள் ஞாபகத்தில் இருக்கின்றன, போன தடவை எத்தனையாவது நாளில் கோவிலுக்குப் போனார் என்பதுகூட நினைவிருக்கிறது. இந்தத் தெரிந்த தைரியம்தான் முதல் வாரங்களில் பெரிய ஆபத்து. முதல் ஆபரேஷனின் கணக்கு இரண்டாவதற்குப் பொருந்தாது. என் அம்மாவுக்கு இரண்டாம் முறை செய்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி.

இந்த முறை ஏன் வேறு

இடுப்பு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. செயற்கை மூட்டிலும் ஒரு கிண்ணம், ஒரு பந்து, தொடை எலும்புக்குள் இறங்கும் ஒரு தண்டு உண்டு. இவை எலும்பிலிருந்து தளர்ந்துபோகலாம், கிண்ணத்தின் உள்பக்கம் தேயலாம், கிருமி தொற்றலாம், பந்து அடிக்கடி கழன்றுகொண்டே இருக்கலாம், விழுந்ததில் தண்டைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். எலும்போடு ஒட்டிப்போன தண்டை எடுப்பதற்காகச் சிலருக்குத் தொடை எலும்பையே நீளவாக்கில் திறந்து, பிறகு கம்பி சுற்றி மூடியிருப்பார்கள். மூட்டைச் சுற்றியுள்ள தசைகளும் ஏற்கெனவே ஒருமுறை வெட்டப்பட்டுத் தழும்பேறியவை. அதனால்தான் ரத்த இழப்பு அதிகம், அசதி அதிகம், மூட்டு நழுவும் வாய்ப்பும் அதிகம். போன முறை மறுநாளே முழுசாக ஊன்றி நடந்தவரை இந்த முறை ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்று சொல்லலாம். அதற்காக ஆபரேஷன் சரியாக நடக்கவில்லை என்று பயப்படாதீர்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். அதில் இருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லி, மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஆபரேஷன் செய்த காலில் எவ்வளவு எடை ஊன்றலாம்? "கொஞ்சம் ஊன்றலாம்" என்பது பதில் ஆகாது. பாதம் தரையைத் தொட்டால் போதுமா, பாதி எடையா, தாங்கும் அளவுக்கு முழு எடையா, எத்தனை வாரம் வரை என்று கேளுங்கள்.

இரண்டாவது, எந்த அசைவுகள் கூடாது? பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் பொதுவாக மூன்று தடைகள்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, ஆபரேஷன் கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகக் கூடாது, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. முன்பக்கமாகச் செய்திருந்தால் தடைகள் வேறு. அங்கே காலைப் பின்னால் நீட்டுவதும் வெளிப்பக்கம் திருப்புவதும்தான் சிக்கல். தொடை எலும்பைத் திறந்து மூடியிருந்தால், காலைத் தன் பலத்திலேயே பக்கவாட்டில் விரிக்கும் பயிற்சிக்கும் சில வாரங்கள் தடை இருக்கும். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த பயிற்சித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்தத் தாளில் இந்தப் பயிற்சி பெரும்பாலும் இருக்கும்.

மூன்றாவது, ராத்திரி ஏதாவது ஆனால் யாருக்குப் போன் செய்வது? வரவேற்பறை எண் போதாது. வார்டு எண்ணோ டூட்டி டாக்டர் எண்ணோ வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் மாற்ற வேண்டியவை

இதை அவர் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள். நம் வீடுகளில் பாதி வாழ்க்கை தரையில்தான் நடக்கிறது. பாயில் படுக்கை, சப்பணம் போட்டுச் சாப்பாடு, அரிவாள்மணை முன் உட்கார்ந்து காய் நறுக்குவது, சாமி முன் விழுந்து கும்பிடுவது என்று எல்லாமே இந்த மூட்டுக்கு ஆகாதவை. நின்றபடி கும்பிடலாம், நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம்.

கட்டிலும் நாற்காலியும் ஒரே ஒரு சோதனையில் தேற வேண்டும்: உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்வான கட்டிலுக்கு நான்கு காலிலும் ஒரே உயரத்தில் மரக்கட்டை வைத்து, அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், எழும்போது அதன் கால்கள் அகலும். கனமான மர நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துவது நல்லது. உள்ளே அமிழ்கிற சோபா பக்கம் போகவே வேண்டாம்.

கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். தரையில் ஓடும் ஒயர்களை ஓரம் கட்டுங்கள். நிலைப்படி உயரமாக இருந்தால் அதன் ஓரத்தில் பளிச்சென்ற டேப் ஒட்டுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கரண்ட் போனால் கைக்கெட்டும் இடத்தில் டார்ச் இருக்கட்டும். போன், தண்ணீர், மாத்திரை, கண்ணாடி எல்லாம் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் ஒரே மேசையில். கீழே விழுந்ததைக் குனிந்து எடுப்பதுதான் மூட்டு நழுவுவதற்கு வழக்கமான வழி. நீளக் கைப்பிடி வைத்த இடுக்கி சர்ஜிகல் கடையில் கிடைக்கும். அது இல்லாவிட்டால், விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும், யாராவது எடுத்துத் தருவார்கள்.

வண்டியில் வீட்டுக்கு

ஆட்டோ வேண்டாம். ஏறும் இடம் குறுகல், குலுக்கல் அதிகம். காரில் முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்மானத்தைச் சற்றுச் சரித்து வையுங்கள். சீட்டின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்தால் வழுக்கி நகர எளிது. காரை நடைமேடையை ஒட்டி நிறுத்தாமல் தெருவின் மட்டத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், மேட்டில் நின்று உட்கார்ந்தால் சீட் இன்னும் தாழ்ந்துவிடும். முதுகைச் சீட்டுக்குக் காட்டி நின்று, ஆபரேஷன் காலை முன்னால் நீட்டி, மெதுவாக உட்கார்ந்து, உடம்பையும் இரண்டு காலையும் சேர்த்தே உள்ளே திருப்ப வேண்டும். கிளம்பியதும் பையை உருவிவிடுங்கள், பிரேக் போட்டால் முன்னால் சறுக்கும்.

உட்கார, எழ, படுக்க

எழுந்திருப்பதை ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் செய்யப் பழக்குங்கள்:

1. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வரவும், முதுகு நிமிர்ந்தபடி.
2. ஆபரேஷன் காலை முன்னால் நீட்டவும், நல்ல காலை உள்ளே இழுத்துக்கொள்ளவும்.
3. இரண்டு கைகளாலும் கைப்பிடியை அழுத்தி, நல்ல காலின் பலத்தில் எழவும். மூக்கு முட்டிக்கு மேல் போகுமளவு முன்னால் குனியக் கூடாது.
4. நேராக நின்ற பிறகுதான் வாக்கரைப் பிடிக்கவும்.

வாக்கரைப் பிடித்து இழுத்து எழுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அது அப்படியே சாய்ந்து மேலே வரும். உதவுகிறவர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் வேண்டாம். பக்கத்தில் நின்று இடுப்புப் பக்கம் லேசாகத் தாங்கினால் போதும். உட்காரும்போது இதே வரிசையைத் தலைகீழாக, நாற்காலி கெண்டைக்காலில் தட்டுப்படும்வரை பின்னால் வந்து, கைப்பிடியைத் தொட்டுப் பிடித்து உட்கார வேண்டும். ஒரே மூச்சில் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

படுக்கும்போது மல்லாந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை. ஒருக்களித்துப் படுக்க டாக்டர் அனுமதித்த பிறகும் அந்தத் தலையணை தொடை முதல் கணுக்கால் வரை நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கத்தில் மேல்கால் சரிந்து மறுபக்கம் போய்விடும். சுகமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் மட்டும் தலையணை கொடுத்துவிடாதீர்கள், இடுப்பும் முட்டியும் மடங்கியபடியே இறுகிப்போகும்.

கழிவறையும் குளியலும்

இந்திய முறைக் கழிவறை கூடவே கூடாது. வீட்டில் அது மட்டும்தான் என்றால், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கமோடு நாற்காலியை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யுங்கள். வெஸ்டர்ன் இருந்தாலும் அது பெரும்பாலும் தாழ்வாகத்தான் இருக்கும். மேலே பொருத்தும் உயர்த்தி சர்ஜிகல் கடைகளில் பல உயரங்களில் கிடைக்கிறது. வாங்கும்போது பக்கவாட்டில் இறுக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள்.

யாரும் சொல்லித்தராத விஷயம் கழுவுவது. ஹெல்த் ஃபாசெட் பெரும்பாலும் சுவரோரம் பின்னால் இருக்கும். அதை எட்ட உடம்பைத் திருகினால் பாதம் உள்ளே திரும்பிவிடும். குழாயைப் பக்கத்துச் சுவரில், கை நீட்டினால் எட்டுமாறு மாட்டச் சொல்லுங்கள். மக் என்றால் அதை ஒரு ஸ்டூலின்மேல் வையுங்கள். முன்னால் குனியாமல் பின்பக்கமாகக் கை கொண்டுபோக வேண்டும். ஃபிளஷ் பண்ணுவது எழுந்து நின்று, சின்னச் சின்ன அடிகளாக முழு உடம்பும் திரும்பிய பிறகு. கூச்சம் பார்க்கிறவர்கள் இதையெல்லாம் ரகசியமாகத் தாங்களே சமாளிப்பார்கள், சமாளிக்கும்போதுதான் தப்பு நடக்கும். அம்மாவிடம் இதை ஒளிவுமறைவில்லாமல் பேசி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் நிம்மதி வந்தது.

தலைக்கு மொண்டு ஊற்றுவது டாக்டர் சரி என்ற பிறகுதான். அதுவரை வெந்நீரில் நனைத்த துண்டால் துடைப்பது போதும். குளிக்கும்போது உயரமான, வழுக்காத ஸ்டூலில் அவர். பக்கெட் தரையில் இருக்கக் கூடாது, அதை இன்னொரு ஸ்டூலில் ஏற்றி வையுங்கள். காலுக்குச் சோப்புப் போடுவது உங்கள் வேலை. தரை முழுக்க உலர்ந்த பிறகுதான் அவர் எழ வேண்டும்.

உடுத்தும்போது ஆபரேஷன் காலில் முதலில் போட்டு, கழற்றும்போது கடைசியாகக் கழற்றுங்கள். நைட்டி, வேட்டி, லுங்கி எதுவானாலும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். தொளதொள ஹவாய் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் பட்டை வைத்ததைப் போடுங்கள்.

நடை

வாக்கர் முன்னால், அடுத்து ஆபரேஷன் கால், அப்புறம் நல்ல கால். எடையைக் குறைத்து ஊன்றச் சொல்லியிருந்தால், அது எவ்வளவு என்று காலுக்கே பழக்கிக் காட்ட வழி இருக்கிறது. வீட்டில் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போடுங்கள். வாக்கரைப் பிடித்தபடி நல்ல கால் பலகையில், ஆபரேஷன் கால் மெஷினில். டாக்டர் 20 கிலோ என்று சொல்லியிருந்தால், முள் 20-ஐத் தொடும்வரை மெதுவாக அழுத்தி, அந்த அழுத்தத்தை உணர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். பார்வை முள்ளில் இருக்க வேண்டாம், எண்ணைக் கூட நிற்பவர் படித்துச் சொல்லட்டும். குனிந்து பார்ப்பதில் விழ வாய்ப்பு உண்டு. பாதம் தரையைத் தொட்டால் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தால், பாதத்துக்கு அடியில் ஒரு முட்டை இருப்பதுபோல நினைத்து வைக்கச் சொல்வார்கள்.

திரும்பும்போது ஆபரேஷன் காலை ஊன்றிக்கொண்டு சுழலக் கூடாது. நாலைந்து சின்ன அடிகளில் வட்டமாகத் திரும்ப வேண்டும். படி இருந்தால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

ஒரேயடியாக நீண்ட நடை வேண்டாம். வீட்டுக்குள்ளேயே ஒரு நாளில் பலமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. படுத்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தடவை அசைக்கச் சொல்லுங்கள், கெண்டைக்கால் ரத்தம் தேங்காமல் ஓடும். தொடையையும் பிட்டத்தையும் இறுக்கித் தளர்த்துவதும் பெரும்பாலானவர்களுக்கு அனுமதிக்கப்பட்டதுதான். மற்ற பயிற்சிகள் உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி. வீட்டுக்கு வர ஆள் கிடைக்காதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. யார் வந்தாலும் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மருந்து

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியோ மாத்திரையோ தந்திருப்பார்கள். பலருக்கு இது 35 நாள் வரை போகும். வலி குறைந்துவிட்டது, நடக்கிறார் என்று நிறுத்திவிடக் கூடாது. இந்த மருந்து ஓடும்போது மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் வலிமாத்திரையோ, பழைய மூட்டுவலி மாத்திரையோ சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம்.

வலி மாத்திரையை வலி ஏறிய பிறகு தேடாமல், முதல் சில நாட்கள் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. டிரமடால் சேர்ந்த மாத்திரைகளில் பலவற்றில் பாராசிட்டமாலும் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். டிரமடால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும், இரும்புச்சத்து மாத்திரையும் மலச்சிக்கலைக் கூட்டும். தண்ணீர், பழம், கீரை, டாக்டர் எழுதிய மலமிளக்கி ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள். ஐஸ் ஒத்தடம் துணி சுற்றி 15, 20 நிமிடம்.

காயம்

தொடையிலும் முட்டிக்குக் கீழேயும் ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றிப்போய் இறங்குவது சகஜம். காலும் வாரக்கணக்கில் வீங்கியிருக்கலாம், சாயந்திரம் கூடி, படுத்து எழுந்தால் குறையும். தையலோ ஸ்டேபிள் பின்னோ பொதுவாக இரண்டு வாரம் ஆனபிறகு எடுப்பார்கள், மறு ஆபரேஷனில் சிலருக்குத் தள்ளிப்போகும். கட்டு உலர்ந்தும் ஒட்டியும் இருந்தால் சும்மா பிரித்துப் பார்க்காதீர்கள். மஞ்சள், விபூதி, எண்ணெய் எதையும் காயத்தருகே கொண்டுபோக வேண்டாம்.

காயத்திலிருந்து ஈரம் கசிந்தால், கட்டு நனைந்துகொண்டே இருந்தால், அன்றே ஆபரேஷன் செய்த டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தெருமுனை கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மூட்டுக்குள் கிருமி போயிருந்தால், எந்தக் கிருமி என்று மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்துத்தான் மருந்து தர முடியும். முன்னாடியே பாதி கோர்ஸ் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், ஆனால் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாம் ஆபரேஷனே தொற்றினால் வந்தது என்றால், எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை ஒரு வேளைகூட விடாமல் முடிக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

திடீரென மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம்: உடனே 108. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

"டொக்" என்ற சத்தம் அல்லது உணர்வு, தாங்க முடியாத வலி, கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிவது, ஊன்றவே முடியாமை: மூட்டு நழுவியிருக்கலாம், எலும்பு உடைந்திருக்கலாம். இழுத்து நேராக்க முயலாமல், அசைக்காமல் படுக்க வைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். நழுவும் ஆபத்து முதல் 3 மாதங்களில்தான் அதிகம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிப்பது: அன்றே காட்ட வேண்டும். நம் ஊரில் கெண்டைக்கால் வலி என்றதும் எண்ணெயைச் சூடாக்கி நீவி விடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அதை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள், அது நரம்புப் பிடிப்பாக இல்லாமல் ரத்தக்கட்டியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

குளிரோடு காய்ச்சல், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்பது, காயம் சிவந்து சூடாவது, குறைந்துவந்த வலி திரும்ப ஏறுவது: அன்றே போன்.

சாப்பாடும் வீட்டுக்கு வருகிறவர்களும்

பத்தியம் என்ற பெயரில் ரசம் சாதமும் இட்லியும் மட்டும் கொடுத்துப் பட்டினி போடாதீர்கள். "பருப்பு போட்டால் சீழ் பிடிக்கும்" என்று யாராவது சொல்வார்கள், அதில் உண்மை இல்லை. ஆறுவதற்குப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர். ரத்தம் குறைந்திருக்கும், ஆகவே கீரையும் நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் வகை மருந்து எடுப்பவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறாது, வீட்டிலேயே பார்த்துக் குறித்து வையுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நேரம் வையுங்கள். வந்தவர்கள் முன்னால் மரியாதைக்காக எழுந்து நிற்க முயல்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அம்மாவும் அப்படித்தான். "நீங்க எந்திரிக்காதீங்கம்மா, அவங்க உங்க பக்கத்துல வந்து உக்காருவாங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டியிருந்தது. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் போனில் பேசட்டும். "எங்க சித்தப்பா பத்து நாள்ல கடைக்குப் போயிட்டாரு" என்று ஆரம்பிப்பவரிடம், சித்தப்பாவுக்கு நடந்தது முதல் ஆபரேஷனா என்று கேளுங்கள். கேட்டாலே பேச்சு அதோடு நின்றுவிடும்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பலருக்கு மனசு சோர்ந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்தா என்ற அலுப்பு, ரத்தக்குறைவின் அசதி, சரியாகத் தூங்காத ராத்திரிகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். நேற்றைவிட இன்று எப்படி என்று கேட்டால் பதில் கிடைக்காது, போன வாரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அழுகையும் சாப்பிட மறுப்பதும் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மறுபரிசோதனைக்குப் போகும்போது

காய்ச்சல், சர்க்கரை, கொடுத்த மருந்து, தோன்றிய சந்தேகம் எல்லாம் எழுதிய நோட்டை எடுத்துப் போங்கள். எடையை எப்போது கூட்டலாம், தடைகள் எதுவரை, ஒருக்களித்துப் படுக்கலாமா, வண்டி ஓட்டுவது எப்போது, பல் பிடுங்க வேண்டியிருந்தால் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று வரிசையாகக் கேளுங்கள். உள்ளே வைத்த மூட்டின் கம்பெனி, அளவு, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் ஆபரேஷன் குறிப்பில் ஒட்டியிருக்கும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் தேதி போட்டு, முதல் ஆபரேஷன் காலத்துப் படங்களோடு ஒரே உறையில் வையுங்கள். மூட்டு இடம் மாறுகிறதா என்பதைப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் டாக்டர் பார்ப்பார்.